துக்கானோ மணையும் ஹூப்தா கூடையும்



அமேசான் என்றதும் நமக்கு ஒரு படம் வருகிறது. தலையில் இறகுக் கிரீடம், முகத்தில் சிவப்புச் சாயம், கையில் வில். அந்தக் கிரீடத்தை யார் செய்தார், யாருக்காகச் செய்தார், இப்போது அது யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகளை அந்தப் படம் எழுப்புவதில்லை. இன்று அவற்றைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். அமேசான் பெரிய நிலம் என்பதால் ஒரே ஓர் ஆற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிரேசிலின் வடமேற்கு மூலையில், கொலம்பிய எல்லையை ஒட்டி ஓடி, ரியோ நெக்ரோவில் கலக்கும் உவாப்பேஸ் ஆறு அது. அந்த வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள்.

துக்கானோ மக்கள் மணை செய்கிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் மணையைப் போலத் தாழ்வானது. கால்களும் பலகையும் ஒரே மரத்துண்டில் குடைந்து எடுக்கப்பட்டவை. உட்காரும் பரப்பில் சிவப்பு நிறத்தில் கூடைப் பின்னல் போன்ற கோலம் இருக்கும். சடங்கில் பெரியவர்களும், மந்திரம் ஓதும் குமுக்களும் அதில் அமர்வார்கள். பனிவா மக்களின் கைவேலை மரவள்ளி துருவும் பலகை. பலகையில் கூரிய கல்சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். அங்கே விளையும் கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. துருவி, பிழிந்து, வேகவைத்தால்தான் அது சோறாகும். ஆகவே அந்தப் பலகை இல்லாமல் அடுப்பு எரியாது. துயூக்கா மக்கள் படகுக்கும், தெசானா மக்கள் பின்னல் வேலைக்கும், கூபேயோ மக்கள் இறப்புச் சடங்கின் முகமூடிக்கும் பெயர் பெற்றவர்கள். ஒருவர் பொருள் இன்னொருவரிடம் பண்டமாற்றாகப் போகிறது.

இதைக் கேட்டதும் இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். குலத்துக்கு ஒரு தொழிலா? அதை எதிர்த்துத்தானே நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து போராடுகிறோம்? அங்கே போனால் மட்டும் அது அழகாகிவிடுமா?

அழகாகிவிடாதுதான். ஆனால் ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். சாதியின் உயிர்நிலை அகமணம் என்று 1916-இலேயே அம்பேத்கர் நிறுவினார். உவாப்பேஸ் கரையில் துக்கானோ, தெசானா, துயூக்கா போன்ற மக்களிடம் விதி நேர் எதிரானது. தன் மொழி பேசுபவர் உடன்பிறந்தவர். அவரை மணக்கக் கூடாது. வேறு மொழிக்காரர் வீட்டில்தான் பெண்ணெடுக்க வேண்டும். ஆகவே தாய் ஒரு மொழி, தந்தை ஒரு மொழி, அண்ணி இன்னொரு மொழி என்று ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். கூடை பின்னும் வீட்டுப் பெண் மணை செய்யும் வீட்டுக்கு மருமகளாகிறாள். கைவேலை தனித்தனி, உறவு கலப்பு. மணையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் சம்பந்திகள்.

இதோடு நிறுத்தினால் நான் உங்களிடம் பொய் சொன்னவன் ஆவேன். அந்தக் குலங்களுக்குள்ளேயே அண்ணன், தம்பி என்ற படிநிலை உண்டு. அதற்கும் கீழே, ஆற்றங்கரையை விட்டுக் காட்டுக்குள் வாழும் ஹூப்தா மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேட்டைக்காரர்கள். காட்டுக்கொடியில் அவர்கள் பின்னும் முதுகுக்கூடையில்தான் ஆற்றங்கரைப் பெண்கள் மரவள்ளியைச் சுமக்கிறார்கள். கூடையின் பட்டை நெற்றியில் மாட்டியிருக்கும். கறியும் கூடையும் கொடுத்து, தோட்டத்தில் வேலையும் செய்து, மரவள்ளி வாங்கிப்போகும் ஹூப்தாக்களை ஆற்றங்கரைக்காரர்கள் ஏவலாட்களாகவே நடத்திவந்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் 'மக்கு'. நம் காதில் அது எப்படி விழுகிறதோ, அங்கேயும் அது வசைதான். வேறு கைவேலைக்காரர்களோடு பெண் கொடுத்து எடுப்பவர்கள், ஹூப்தாக்களோடு பொதுவாக மணஉறவு கொள்வதில்லை.

ஆகவே என் வாதம் இது. மணையும் கைவேலை, முதுகுக்கூடையும் கைவேலை. இரண்டிலும் தலைமுறைகளின் அறிவு இருக்கிறது. ஒன்றைச் செய்தவர் சம்பந்தி ஆனதும் மற்றதைச் செய்தவர் ஏவலாள் ஆனதும் பொருளால் அல்ல. மணக்கதவு எங்கே சாத்தப்பட்டதோ, அங்கே கைவேலை அடிமைவேலை ஆனது. பழங்குடி என்றாலே சமத்துவம் என்று கவிதை பாடும் நம் தோழர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆற்றங்கரைக்காரர்களுக்கு மேலே வெள்ளை மதகுரு வந்து நின்ற கதை வேறு. 1850-களின் தொடக்கத்தில் அங்கு போன ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், ஆண்கள் கழுத்தில் அணியும் வெண்கல் உருளையைப் பற்றி எழுதினார். அதில் துளையிட மணலும் வாழைக்குருத்தும்தான் கருவி. பல ஆண்டுகள் பிடிக்கும். தலைவரின் கல்லுக்கு இரண்டு ஆயுள் வேண்டும் என்று அவரிடம் சொன்னார்கள். அப்பன் தொடங்கியதை மகன் முடிக்க வேண்டும். இறகணிகளும் யூருபாரி குழல்களும் அவர்களுக்கு முன்னோரின் உடல். அந்தக் குழல்களைப் பெண்கள் பார்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை நான் இங்கே நியாயப்படுத்தவில்லை. ஆனால் 1883-இல் கொப்பி என்ற ஃபிரான்சிஸ்கன் பாதிரியார், யூருபாரி முகமூடியைப் பெண்கள் முன் வேண்டுமென்றே தூக்கிக் காட்டியது பெண் விடுதலைக்காக அல்ல. அந்த மக்களின் நம்பிக்கையை முறிக்கத்தான். மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், பாதிரிமார் ஓடினார்கள், முகமூடி ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து வந்த சலேசியர்கள் அதை ஓட்டமாக விடவில்லை, நிலையாகச் செய்தார்கள். கூட்டுக்குடும்பப் பெருவீடான மலோக்காக்களைப் பிசாசின் வீடு என்று இடிக்க வைத்தார்கள். விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் தாய்மொழி பேசத் தடை. 1927-இல் அங்கு பயணம் செய்த கூர்ட் நிமுவெந்தாஜு, இந்த அழிப்பைக் கடுமையாகக் கண்டித்தார். சடங்கணிகள் மிஷன் கைக்குப் போய், பிறகு மனாஸ் நகரில் சலேசியக் கன்னியரின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் அமர்ந்தன. உடலில் இருந்தபோது பிசாசு, பெட்டிக்குள் போனதும் கலை. அதே இறகுதான்.

எழுத்தாளர்களுக்காக ஒன்று. 1980-இல் 'உலகம் இல்லாதிருந்தபோது' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வந்தது. தெசானா மக்களின் குமுவான தந்தை சொல்ல, மகன் தன் மொழியில் எழுதிப் போர்த்துகீசியத்தில் பெயர்த்தார். பிரேசிலில் பழங்குடியினர் தம் பெயரில் எழுதி வெளியிட்ட முதல் நூலாக அது கருதப்படுகிறது. அதில் உலகுக்கு முன் இருளில் தோன்றும் பாட்டி, வெண்கல் மணைமீது அமர்ந்திருக்கிறாள். மலோக்கா போனாலும் மணை எழுத்தில் ஏறிவிட்டது.

2006-இல் யவரெத்தே நீர்வீழ்ச்சியைப் பிரேசில் அரசு பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக, ஊர்ப் பெரியவர்கள் மனாஸுக்குப் போய்த் தங்கள் சடங்கணிகளைக் கேட்டார்கள். அவை ஊர் திரும்பின. பெரிய வெற்றி அது. அதற்கு முன்பே, 2002-இல், சாவ் கேப்ரியேல் த கஷோயிரா நகராட்சி போர்த்துகீசியத்தோடு நேயங்காத்து, துக்கானோ, பனிவா மொழிகளையும் ஆட்சிமொழி ஆக்கியிருந்தது. அந்தச் சட்டத்தில் ஹூப்தா மொழி இல்லை.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கிறேன்.