காற்றும் கடலடி நீரும்



நவம்பர் முதல் மார்ச் வரை ஜொகூரின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. மெர்சிங்கிலிருந்து தியோமானுக்குப் போகும் படகுகள் பல நாள் நின்றுவிடும். ரப்பர் மரம் நனைந்தால் பால்வெட்டு நிற்கும், வருமானம் குறையும். ஆகவே காற்றின் வலிமை நமக்குத் தெரியாததல்ல.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: ‘ஐயா, காற்று கடலின் மேலேதானே வீசுகிறது? அடியிலுள்ள தண்ணீரை அது என்ன செய்யும்?’

நல்ல கேள்வி. விடை தென்துருவத்தில் இருக்கிறது. நம் பக்கம் தென்மேற்குக் காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே கடுங்குளிர்காலம். அண்டார்டிகாவின் பனிமேட்டில் குளிர்ந்து கனத்த காற்று, சரிவில் இறங்கிக் கடல்மீது பாய்கிறது. கரையோரம் உறைந்த ஐஸ் கட்டிகளை அப்பால் தள்ளுகிறது. திறந்த நீர் மறுபடி உறைகிறது. காற்று மறுபடி தள்ளுகிறது. ராஸ் கடலின் டெர்ரா நோவா விரிகுடாவில் குளிர்காலம் முழுவதும் இந்த வேலைதான்.

கடல்நீர் உறையும்போது, அதன் உப்பில் பெரும்பகுதி ஐஸில் தங்குவதில்லை. கீழுள்ள நீரில் சேர்கிறது. உப்பு மிகுந்த நீர் கனமானது. வீட்டிலேயே பார்க்கலாம். நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும். உப்பைத் தாராளமாகக் கரைத்தால் மிதக்கும். தண்ணீர் கனத்துவிட்டது என்பதே காரணம்.

அப்படிக் கனத்த குளிர்நீர் சரிந்து இறங்கி, 4000 மீட்டருக்கும் கீழே, பெருங்கடல்களின் தரையோடு வடக்கு நோக்கி மெல்ல ஊர்கிறது. மேலிருந்து பிராணவாயுவையும் கொண்டுபோகிறது. கடலடி உயிர்களுக்கு அதுவே மூச்சு.

இந்த நீர் இப்போது குறைந்து வருகிறது. அண்டார்டிகாவின் வெடல் கடலில், மிக ஆழத்திலுள்ள குளிர்நீர் 1992க்குப் பின் சுமார் 30 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2023இல் வெளியான ஆய்வு கூறியது. வடக்கிலிருந்து வீசும் காற்று கூடியதால், ஐஸ் கரையோரமே தங்கி, புதிதாக உறைவது குறைந்ததே முக்கிய காரணம் என்றனர் ஆய்வாளர்கள். குளிர்நீர் குறைந்தால் ஆழ்கடல் சூடேறும். சூடேறிய நீர் விரியும், கடல்மட்டம் உயரும். ஜொகூரின் தாழ்ந்த கரையோரங்களில் வாழ்வோர்க்கு இது ஊரார் கதையல்ல.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு முட்டையும் ஒரு கை உப்பும் கொடுங்கள். ‘ஏன்?’ என்று கேட்டால் அதட்டாதீர்கள். கேள்வி கேட்கும் பிள்ளைதான் கற்கும்.