சேலையைக் கேட்டோம், காலைக் கேட்டோமா?

(பாளையங்கோட்டையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தவறை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். நாட்டார் நிகழ்த்துகலைகள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில் சுடலைமாடன் கொடை. அண்ணாவி பாட, உச்சம், மந்தம் என இரண்டு மகுடங்கள் முழங்க, பெண் வேடமிட்ட ஆண்கள் இருவர் சலங்கை கட்டி விடிய விடியக் கணியான் கூத்து ஆடினார்கள். விடிந்ததும் அவர்களில் மூத்தவரிடம் என் கேள்வித்தாளோடு போய் உட்கார்ந்தேன். ஏன் பெண் வேடம்? ஊர் கேலி செய்யாதா? வீட்டில் என்ன சொல்வார்கள்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர், சலங்கையை அவிழ்த்தபடி கேட்டார்: "சேலையப் பத்தியே கேக்கியளே தம்பி, காலப் பத்தி ஒண்ணும் கேக்கலியே?"

அதற்குப் பிறகுதான் காலைப் பார்க்கத் தொடங்கினேன். மகுடத்தின் அடி மாறும்போதே காலும் மாற வேண்டும். பிந்தினால் சலங்கை காட்டிக்கொடுத்துவிடும். ஆடுகிறவரின் கால் இன்னொரு தாளக்கருவி. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓர் எழுச்சிக்குப் பிறகு, 1740இல் வந்த சட்டம் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் முரசுகளைத் தடைசெய்தது. கையிலிருந்து பிடுங்கப்பட்ட தாளம் காலுக்கு இறங்கியது. டாப் நடனத்தின் வேர்களில் ஒன்று அது. ஒடுக்கப்பட்ட உடலுக்குள் எவ்வளவு பெரிய இசையறிவு இருக்கிறது என்பதற்கு உலகம் முழுக்கச் சாட்சி உண்டு.

இப்போது நம் ஊர்க்காரர் ஒருவரைப் பேசுவோம். நெல்லை தங்கராஜ். 2018இல் மாரி செல்வராஜ் இயக்கி, பா. இரஞ்சித்தின் நீலம் தயாரித்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் பரியனின் அப்பா. பெண் வேடமிட்டு ஆடும் அந்த அப்பாவைக் கல்லூரிக்கு அழைத்துவரத் தயங்கி, வேறொருவரை அப்பாவாக நடிக்க வைக்கிறான் பரியன். பிறகு உண்மையான அப்பா வருகிறார். அவரை அவமானப்படுத்தி, வேட்டியை உருவி, சாலையில் ஓடவிடுகிறார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்து நாம் எல்லோரும் அழுதோம்.

திரைக்கு வெளியிலும் தங்கராஜ் கூத்துக் கலைஞர்தான். பல பத்தாண்டுகள் பெண் வேடமிட்டு ஆடியவர். கூத்து மட்டும் சோறு போடவில்லை. வெயில் காலத்தில் வெள்ளரிக்காய் விற்றார். 2021இல் அவர் வீடு இருந்த நிலை செய்தியானது. மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமும் உதவின. 2023 பிப்ரவரி 3இல் அவர் காலமானார். அஞ்சலிகள் குவிந்தன. நான் எழுதிய அஞ்சலியிலும் அந்த ஓட்டம் இருந்தது, அவருடைய ஆட்டம் இல்லை.

அவர் ஓடியது ஒரு காட்சிக்காக. ஆடியது வாழ்நாள் முழுக்க. காயத்தை நினைவில் வைத்துக்கொண்டு கலையை மறப்பதும் ஒருவகைப் புறக்கணிப்புதான்.

இதில் அரசுக்கும் பங்குண்டு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் மூன்றாண்டுப் படிப்பில் நடனம் என்றால் பரதநாட்டியம். நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதிநேர வகுப்பு. எது முழுநேரக் கலை, எது பகுதிநேரக் கலை என்று தீர்மானித்தது யார்? சாதி தவிர வேறென்ன?

ஆனால் நம் கூட்டங்களையும் பார்க்க வேண்டும். ஆள் சேரும்வரை பறை, கூத்து. சேர்ந்ததும் "நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளுங்கள்". துண்டறிக்கையில் பேச்சாளர்கள் பெயர் வரிசையாக இருக்கும், ஆடுகிறவர்கள் 'கலைக்குழு' ஆகிவிடுவார்கள். பேச்சாளருக்கு ரயில் டிக்கெட், கலைஞருக்குச் சால்வை. இதை மாற்ற அரசாணை தேவையில்லை. பெயரைப் போடுவோம். கூலியை முன்கூட்டியே பேசி, ஆட்டம் முடிந்த கையோடு கொடுப்போம். அவர்களிடம் ஆடக் கற்றுக்கொள்வோம்.

இன்று என் பேச்சை முதலில் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அடுத்து கூத்து. யாரும் எழுந்து போகாதீர்கள். முன்னால் வந்து உட்கார்ந்து, கொஞ்சம் கீழே பாருங்கள்.

ஜெய்பீம்.