விடுமுறையும் வாசிப்பும்

தவணை முடிவு நாளன்று பாடசாலை மணி ஒலித்ததும் பிள்ளைகள் வீடு நோக்கி ஓடும் காட்சியைக் காணாதவர் இலர். அன்று அப்பிள்ளைகளின் புத்தகப் பையினுள்ளே என்ன இருக்கின்றது என்று எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. கணிதப் பயிற்சிக் கொப்பி இருக்கும். கடந்த ஆண்டுகளின் வினாத்தாட் பிரதிகள் இருக்கும். முன்னேற்ற அறிக்கையும் இருக்கும். வாசித்து மகிழ்வதற்கென்று ஒரு நூல் பெரும்பாலும் இராது.

ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியே இங்கு பேச்சு. பதினொரு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள இவர்கள் கல்வியுலகில் ஒரு விசித்திரமான இடத்தில் நிற்பவர்கள். பின்னால் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. முன்னால் சாதாரண தரப் பரீட்சை. இரண்டுக்கும் நடுவே நான்கைந்து ஆண்டுகள் பெரும் பரீட்சையின் நெருக்குதல் இன்றிக் கழிகின்றன. வாசிக்கும் பழக்கம் வேரூன்றுவதும் இக்காலத்திலேதான், பட்டுப்போவதும் இக்காலத்திலேதான். சிறுவர் கதை சலித்துவிடுகின்றது. பெரியோர் நூல் எட்டாது நிற்கின்றது. கையில் எதுவும் இல்லாத அந்த இடைவெளியை இன்று கைத்தொலைபேசி மிக எளிதாக நிரப்பிவிடுகின்றது.

விடுமுறைக் காலத்துக்கென்று வாசிப்பை ஒரு பணியாக வகுத்துக் கொடுக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலே நெடுங்காலமாக உண்டு. அங்கே கோடை விடுமுறை ஏறத்தாழப் பத்து வாரம் நீளும். அத்துணை நீண்ட விடுமுறை உழவின் பொருட்டு ஏற்பட்டது, பிள்ளைகள் வயலில் உதவவேண்டியிருந்தது என்று பலர் கூறுவர். அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அந்நாட்டின் நாட்டுப்புறப் பாடசாலைகள் கோடையிலும் மாரியிலும் நடந்தன. விதைப்புக்கும் அறுவடைக்கும் உரிய இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலுமே பிள்ளைகள் வயலுக்கு வேண்டப்பட்டனர். நகரங்களின் கோடை வெப்பமும், வசதி படைத்த குடும்பங்கள் அக்காலத்தில் ஊரைவிட்டு அகலும் வழக்கமுமே நீண்ட கோடை விடுமுறைக்குப் பெரிதும் காரணமாயின. காரணம் எதுவாயினும் ஆகுக. பத்து வாரம் பாடசாலையைக் காணாத பிள்ளை எதை மறக்கின்றது, எதைக் கற்கின்றது என்னும் வினா அந்நாட்டு ஆய்வாளரை விடவில்லை.

1978ஆம் ஆண்டிலே பார்பரா ஹெயின்ஸ் என்னும் சமூகவியல் அறிஞர் இவ்வினாவுக்கு விடை தேடி ஒரு நூலை வெளியிட்டார். அத்திலாந்தா நகரத்தின் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ மூவாயிரம் பேரை அவர் ஆராய்ந்தார்; இடைநிலைப் பருவத்துப் பிள்ளைகள் என்பது நமக்கு இங்கு முக்கியம். பாடசாலை நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் கற்கும் வேகத்தில் உள்ள வேறுபாடு குறைவாகவும், கோடையில் அவ்வேறுபாடு பெருகுவதாகவும் அவர் கண்டார். கோடையில் பிள்ளைகள் செய்த செயல்கள் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தபோது, அறிவு வளர்ச்சியோடு மிக உறுதியாகத் தொடர்புற்று நின்றது அவர்கள் வாசித்த நூல்களின் தொகையே. ஆறு நூல்களேனும் வாசித்த பிள்ளைகள் மற்றையோரினும் முன்னேறியிருந்தனர். இன்னும் ஒன்று. பொது நூலகம் வீட்டுக்கு அருகே இருந்ததா, தொலைவில் இருந்ததா என்பதும் பிள்ளை எத்தனை நூல் வாசித்தது என்பதைத் தீர்மானித்தது. நூலகத்துக்கு நடக்கும் தூரம் பிள்ளையின் அறிவோடு தொடர்புறுகின்றது என்றால், அதை வெறும் கட்டடப் பிரச்சினை என்று எந்த உள்ளூராட்சி மன்றமும் தள்ளிவிடல் இயலாது.

பால்ற்றிமோர் நகரத்திலே 1982ஆம் ஆண்டில் முதலாம் வகுப்பிற் சேர்ந்த எண்ணூறு பிள்ளைகள் வரையிலானோரை மூன்று ஆய்வாளர் பல்லாண்டு பின்தொடர்ந்து, இதே பொருளை மேலும் வலியுறுத்தினர். அவர்கள் காட்டிய உவமை எளிமையானது. பாடசாலை நடக்கும்போது நீர்க்குழாய் எல்லார் வீட்டுக்கும் திறந்திருக்கின்றது. விடுமுறை வந்ததும் குழாய் மூடப்படுகின்றது. கிணறு உள்ள வீடு அப்போதும் நீர் அருந்தும். இல்லாத வீடு காத்திருக்கும். பிற்காலத்தில் இம்முடிவுகளின் அளவைப் பற்றி ஐயம் எழுப்பியவர்களும் உளர். பரீட்சைப் புள்ளிகளைக் கணிக்கும் முறை மாறினால் விடுமுறை இழப்பின் அளவும் மாறுகின்றது என்பதும், பிள்ளைகளிடையே உள்ள இடைவெளியின் பெரும்பகுதி பாடசாலைக்கு வருமுன்னரே உண்டாகிவிடுகின்றது என்பதும் அவர்தம் வாதம். அவ்வாதம் தள்ளத்தக்கதன்று. ஆயினும் விடுமுறையில் நூல் கிடைத்த பிள்ளைக்கும் கிடைக்காத பிள்ளைக்கும் வேறுபாடே இல்லை என்று அவர்களும் கூறவில்லை.

நூல்களைச் சும்மா கொடுத்தாற் போதுமா? இவ்விடத்திலேதான் செய்தி சுவையாகின்றது. ரிச்சட் அலிங்ரன், ஆன் மக்கில்-பிரான்சன் ஆகிய இருவரும் பிறரும் புளோரிடாவின் வறிய பகுதிகளில் உள்ள 17 பாடசாலைகளில் ஒரு பரிசோதனை செய்து, 2010இல் அதன் பேற்றை வெளியிட்டனர். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைகளில், கோடைக்குப் பன்னிரண்டு நூல்கள் வீதம் இலவசமாக வழங்கினர். நூல்களைத் தேர்ந்தவர் ஆசிரியர் அல்லர், பிள்ளைகளே. பாடசாலையில் ஒரு சிறு புத்தகச் சந்தை விரித்து, விரும்பியதை எடுக்க விட்டனர். பிள்ளைகள் எதை எடுத்தார்கள்? பெரியோர் போற்றும் இலக்கியங்களையா? அன்று. தொலைக்காட்சியிற் கண்ட பாடகரின் வாழ்க்கைக் கதைகளை ஆவலோடு எடுத்தனர். முகஞ்சுளித்த ஆசிரியர்களும் இருந்திருப்பர். எனினும் மூன்று கோடைகளின் பின் அப்பிள்ளைகளின் வாசிப்புத் திறன், நூல் பெறாத பிள்ளைகளினுடையதைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. கோடை வகுப்புக்குச் சென்று பெறும் பயனுக்கு அது ஒப்பாயிருந்தது.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிம் என்பார் மற்றொரு பக்கத்தை ஆராய்ந்தார். ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்கு நூல்களை மட்டும் கொடுத்தார். இன்னொரு தொகுதிக்கு, விடுமுறைக்கு முன்னரே ஆசிரியர் உரத்து வாசிக்கவும், வாசித்ததை விளங்கிக்கொள்ளவும் வழிகாட்டிய பின்னர் நூல்களைக் கொடுத்தார். நூல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை; வழிகாட்டலும் நூலும் சேர்ந்து பெற்றவர்களே முன்னேறினர். புளோரிடாவில் விரும்பிய நூல் பயன் தந்தது. இங்கே ஆசிரியரின் சொல் பயன் தந்தது. இவை ஒன்றையொன்று மறுப்பன என்று கொள்ளவேண்டியதில்லை. விருப்பமில்லாத நூலைப் பிள்ளை திறவாது. விளங்காத நூலை மூடிவிடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையிலே விடுமுறை துண்டு துண்டாக வருவது. சித்திரை, ஆவணி, மார்கழி என்று வழக்கமான ஆண்டுகளில் மூன்று முறை பாடசாலை மூடும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தை ஒட்டி அமையும். பத்து வாரம் தொடர்ந்து மூடாமையால் அமெரிக்கப் பிள்ளை அடையும் மறதி இங்கே அவ்வளவு இராது எனலாம். ஆனால் குழாய் மூடப்படுவது மட்டும் இங்கேயும் உண்மை. 1980ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. அதனால் மலையகத்து லயன் அறையிலும், வன்னியின் ஒதுக்குப்புறக் குடிசையிலும் பாடநூல் உண்டு. பாடநூல் அல்லாத நூலோ கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சில வீடுகளிலே மட்டும் உண்டு. அந்த இரண்டாவது நூலே பிள்ளைகளைப் பிரிக்கின்றது.

அந்நூல் நாட்டில் இல்லை என்பதில்லை. பாடசாலையிலேயே இருக்கின்றது. பல பாடசாலைகளில் அது அலுமாரிக்குள் இருக்கின்றது, அலுமாரி பூட்டியிருக்கின்றது. விடுமுறை தொடங்கும் நாளில் அப்பூட்டு இன்னும் இறுகுகின்றது. இதற்கு நூலகப் பொறுப்பாசிரியரைக் குறைகூறுவது நீதியன்று. ஆண்டு முடிவில் பொருட் கணக்கெடுப்பு வரும். நூல் ஒன்று குறைந்தால் விளக்கம் எழுதவேண்டியவர் அவரே. சில வேளை விலை கொடுக்கவேண்டியவரும் அவரே. கிழியாத, தொலையாத, எவரும் தொடாத நூல்களையுடைய அலுமாரி கணக்கெடுப்பிலே நற்பெயர் பெறுகின்றது. ஐந்து நூல் தொலைந்து, ஐம்பது நூல் கசங்கி, இருநூறு பிள்ளைகள் வாசித்த அலுமாரி குற்றப் பட்டியலில் ஏறுகின்றது. இக்கணக்கு மாறவேண்டும். வாசிப்பினால் தேய்ந்த நூலைக் கழித்தெழுதும் அதிகாரத்தை அதிபர் தயங்காது பயன்படுத்தி, அதன் பொறுப்பைத் தாமே ஏற்றால், பொறுப்பாசிரியர் திறப்பைக் கையில் எடுக்க அஞ்சமாட்டார்.

தவணையின் கடைசி நாளன்று, பரிசளிப்பும் பாட்டும் முடிந்து பிள்ளைகள் சும்மா இருக்கும் அந்த இரண்டு பாடவேளைகளில் நூல்களை மேசைமீது பரப்பலாம். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு நூல்களைத் தானே தெரியட்டும். அயற் பிள்ளையோடு மாற்றிக்கொண்டால் விடுமுறைக்குள் நான்காகும். நான்கு பேர் ஒரு கூட்டாகச் சேர்ந்தால் எட்டாகும். அத்திலாந்தாப் பிள்ளைகளின் ஆறு இங்கே செலவின்றிக் கைகூடும்.

எந்த நூல்கள் என்று பெற்றோர் கேட்பர். ஆறாந் தரத்துப் பிள்ளைக்கு நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்கள் இன்றும் இனிக்கும். தாடி அறுந்த வேடனைக் கண்டு சிரியாத பிள்ளை இல்லை. ஏழாம், எட்டாந் தரத்தினருக்கு மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய மடோல் தூவ என்னும் சிங்கள நாவலின் தமிழாக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். உபாலி என்னும் குறும்புக்காரச் சிறுவனும் அவன் தோழன் ஜின்னாவும் வீட்டைவிட்டு ஓடிப்போய், கண்டற்காடு சூழ்ந்த ஒரு தீவிலே பயிர்செய்து வாழும் கதை அது. ஓடிப்போவதை அது கற்பித்துவிடும் என்று அஞ்சும் பெற்றோரும் உளர். அவர்கள் அக்கதையைக் கடைசி வரை வாசிக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். ஒன்பதாந் தரத்தில் உ. வே. சாமிநாதையரின் சிறு கட்டுரைகள் பொருந்தும். கல்கியின் நீண்ட நாவல்களைக் கண்டு பிள்ளை மலைக்கும் என்று எண்ணவேண்டாம். கதை பிடித்துவிட்டால் பாகங்களின் தொகையைப் பிள்ளை பார்ப்பதில்லை.

சித்திரக்கதை வாசிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. தாராளமாக வாசிக்கலாம். அம்புலிமாமா வெளிவந்த நாட்களில் அதன் வேதாளக் கதைக்காக மாதம் முழுதும் காத்திருந்தவர்களே இன்று பெற்றோராகவும் பாட்டன் பாட்டியராகவும் இருந்து, பிள்ளையின் கையிலுள்ள படக்கதையைப் பறிக்கின்றனர்.

நூலின் தரம் பிள்ளையின் தரத்துக்கு ஏற்றதா என்பதையும் நோக்கவேண்டும். ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாலபாடங்களைப் படிப்படியாக ஏறும் வரிசையாய் அமைத்தார். சிறு வாக்கியத்தில் தொடங்கி நெடிய உரைநடைக்கு ஏற்றிச் செல்லும் அவ்வொழுங்கு இன்றைய ஆய்வாளர் கூறுவதற்குப் புறம்பானதன்று. வீட்டிலே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றுண்டு. நூலின் நடுவே ஒரு பக்கத்தைப் பிள்ளை வாசிக்கட்டும். விளங்காத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்நூல் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

வாசித்ததற்குச் சான்றாக என்ன கேட்பது? நூலின் சுருக்கத்தை இரண்டு பக்கத்தில் எழுதி வருக என்ற கட்டளையே வழக்கம். அமெரிக்காவிலும் இவ்வழக்கம் உண்டு. அங்கும் பிள்ளைகள் விடுமுறையின் கடைசி இரவிலேதான் எழுதுகின்றனர். சுருக்கத்தை இணையத்திலிருந்து எடுத்தெழுதுவது இன்று எளிது. கணினியே எழுதித் தருகின்ற காலமும் வந்துவிட்டது. அத்தகைய இரண்டு பக்கம், பிள்ளை நூலைத் திறந்ததற்கும் சான்றாகாது. அதற்கு மாறாக, புதிய தவணையின் முதல் வாரத்தில் தமிழ்ப் பாடவேளை ஒன்றை ஒதுக்கி, ஆசிரியர் பிள்ளைகளோடு பேசட்டும். கதையில் யாரை உனக்குப் பிடிக்கவில்லை, எந்த இடத்தில் நூலை மூடிவைத்தாய், ஏன் மூடினாய் என்று கேட்கட்டும். பாதியில் விட்டேன் என்று அஞ்சாமல் கூறும் பிள்ளைக்குப் புள்ளி குறைத்தலாகாது. அப்பிள்ளைக்கு அடுத்து எந்த நூலைக் கொடுப்பது என்பது அந்த விடையிலேதான் தெரியும்.

வீட்டார் எழுத வாசிக்க அறியாதவர்களாயின் என் செய்வது என்று சிலர் வினவுவர். அவ்வீட்டில் பிள்ளை உரத்து வாசிக்கட்டும், அம்மம்மா கேட்கட்டும். கண் மங்கிய முதியவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டும் பிள்ளைக்கு வேறு பயிற்சி அதிகம் வேண்டுவதில்லை. வடபகுதிக் கிராமங்கள் பலவற்றிலே சனசமூக நிலையங்கள் காலந்தோறும் இப்பணியைச் செய்து வந்துள்ளன. காலையில் அங்கு பத்திரிகை வாசிக்கக் கூடும் பெரியவர்கள், விடுமுறை நாட்களில் ஒரு வாங்கைப் பிள்ளைகளுக்கென விட்டுக் கொடுத்தால் நன்று. கைத்தொலைபேசியை விடாத பிள்ளைக்கும் ஒரு வழி உண்டு. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழத்துத் தமிழ் நூல்களும் பழைய சிறுவர் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்பொறியை முற்றாகப் பகைப்பதைவிட இந்தப் பக்கத்தைக் காட்டிவிடுதல் மேல்.

விடுமுறைகள் மூன்றினுள்ளும் மார்கழி விடுமுறையே வாசிப்புக்கு மிக ஏற்றது. வடக்கிலும் கிழக்கிலும் அது மாரி மழையோடு வருகின்றது. மைதானத்தில் நீர் நிற்கும். பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கும். நூலகப் பொறுப்பாசிரியர் அஞ்சுவதும் அம்மழைக்கே. ஆதலால் நூல்களைக் கொடுக்கும் நாளில், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து நல்ல பொலித்தீன் பை ஒன்றைக் கொண்டுவரும்படி முதல் நாளே வகுப்பிற் சொல்லிவைத்தல் வேண்டும்.