மூச்சை அடக்காதே



கடலுக்குள் இறங்கும் தொழிலுக்குத் தமிழ் தந்த அழகிய பெயர் முத்துக்குளிப்பு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கல்லின் பாரத்தைத் துணையாகக் கொண்டு ஆழத்துக்குச் சென்றனர். ஒரு மூச்சுத் தாங்கும் மட்டும் சிப்பிகளைத் திரட்டினர். கயிற்றை அசைத்து மேலே வந்தனர். படகிலிருந்து அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் மைத்துனனாக இருப்பதே வழக்கம் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதை அவன் மறக்கமாட்டான் அல்லவா? திருமந்திரமும் மூச்சை நெறிப்படுத்தும் பயிற்சியை விரித்துரைக்கிறது. மூச்சை அடக்குவதே ஆற்றல் என்பது இந்த மண்ணில் ஊறிய எண்ணம்.

ஆனால், விடுமுறைக்குச் சென்ற இடத்தில் ஸ்கூபா எனப்படும் மூழ்கு கலையைக் கற்க முன்வருவோருக்கு முதல் பாடமாகச் சொல்லப்படும் விதி இதற்கு நேர்மாறானது. 'எந்த நிலையிலும் மூச்சை அடக்காதே' என்பதே அது. அந்த ஒரு விதியின் பொருளை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

அந்தமானில் ஹாவ்லாக் என்றொரு தீவு உண்டு. 2018இல் அதற்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. விமானத்தில் தலைநகருக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி அத்தீவை அடைவோர் ஆண்டுதோறும் ஏராளம். அங்கே இருவகைப் பயிற்சி கிடைக்கிறது. ஒன்று, பயிற்சியாளரின் பிடியிலேயே 12 மீட்டருக்கு மிகாமல் இறங்கிப் பார்த்துவிட்டு வருவது. மற்றொன்று, மூன்று நான்கு நாள் முறையாகப் பயின்று, 18 மீட்டர் வரை துணையோடு இறங்கும் தகுதிச் சான்றைப் பெறுவது.

முதுகில் ஏற்றப்படும் உருளையில் இருப்பது தூய பிராணவாயு என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அதில் இருப்பது சாதாரணக் காற்றுதான். அழுத்தி அடைக்கப்பட்ட காற்று. அதைத் தேவைக்கேற்ப வாய்க்குத் தரும் கருவியை 1943இல் பிரான்சில் உருவாக்கியவர்கள் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கன்யானும். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் மோட்டார் வண்டிகளை எரிவாயுவால் ஓட்டுவதற்கென கன்யான் அமைத்திருந்த வால்வே இதற்கு வித்தாயிற்று. சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ, அதே அழுத்தத்தில் காற்றைக் கொடுப்பதே இக்கருவியின் சிறப்பு.

ஆபத்தும் அந்தச் சிறப்பிலேயே அடங்கியிருக்கிறது. நீர்மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால், 10 மீட்டர் ஆழத்தில் 2, 20 மீட்டரில் 3. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய வாங்கிய காற்று, மேலே வரும்போது இருமடங்காக விரியும். வாயை இறுக மூடிக்கொண்டு மேலே பாய்ந்தால், அக்காற்று நுரையீரலைக் கிழித்துக் குருதியில் கலந்து மூளைக்கும் செல்லக்கூடும். இதற்குப் பேராழம் வேண்டியதில்லை. நுரையீரல் நிறைந்த காற்றோடு ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம் எழுந்தாலே போதும். ஆள் நிற்கக்கூடிய நீரிலும் இது நேரலாம்.

முத்துக்குளித்தவருக்கு ஏன் இந்தக் கேடு நேரவில்லை? அவர் மேலேயிருந்து கொண்டு சென்ற மூச்சு ஆழத்தில் சுருங்கி, திரும்புகையில் பழைய அளவுக்கே வந்து சேர்ந்தது. அது அவருடைய சொந்த மூச்சு. கருவி கட்டியவர் ஆழத்தில் வாங்குவதோ கடன் மூச்சு. அதை வழியெங்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டேதான் அவர் மேலே வர வேண்டும்.

இதை அறிவு ஏற்றுக்கொள்கிறது. உடல் எளிதில் ஏற்பதில்லை. ஆகவே பயிற்சி முழுவதும் உடலுக்கே நடக்கிறது. இடுப்பளவு நீரில் முழந்தாளிட்டு அமரச் செய்து, முகக் கண்ணாடிக்குள் நீரை நிரப்பச் சொல்கின்றனர். கண்ணும் மூக்கும் நீரில் இருக்க, வாயால் மட்டும் மூச்சு விட்டு, பிறகு மூக்கால் ஊதி அந்நீரை வெளியேற்ற வேண்டும். அடுத்து, வாயில் உள்ள கருவியைக் கழற்றி எறிந்து, கையால் துழாவி மீண்டும் எடுக்க வேண்டும். அந்தச் சில நொடிகளிலும் உதடுகளின் வழியே சிறு குமிழிகள் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று வராத நேரத்திலும் காற்றைக் கொடுக்கச் சொல்வதைக் காட்டிலும் உடலுக்குக் கடினமான கட்டளை வேறில்லை. முதல் முறை பெரும்பாலோர் பதறி எழுந்து நின்றுவிடுகின்றனர். நல்ல பயிற்சியாளர் சினப்பதில்லை. மறுபடியும் அமரச் சொல்கிறார்.

இவ்விதிகள் ஏட்டில் பிறந்தவை அல்ல. மனித உடல்கள் விலை கொடுத்து வாங்கியவை. நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றுக்கடியில் அடித்தளம் இட்டபோது, அழுத்தக் காற்று நிரம்பிய அறைகளில் வேலை செய்து வெளியே வந்த தொழிலாளர்கள் மூட்டுவலியாலும் முடக்கத்தாலும் வருந்தினர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் அதே நோயால் வீழ்ந்தார். 1883இல் பாலம் திறக்கப்படும்வரை அவருடைய கட்டளைகளை மனைவி எமிலியே கொண்டு சென்றார். அழுத்தத்தில் குருதியில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் திடீரெனக் குறையும்போது குமிழியாக வெளிப்படுவதே காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் பால் பேர் 1878இல் விளக்கினார். ஆடுகளைக் கொண்டு ஆய்ந்து, படிப்படியாக மேலேறும் அட்டவணையை ஹால்டேன் முதலானோர் 1908இல் வெளியிட்டனர். இன்று விடுமுறையாளர் ஒருவர் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு மேலே வருகிறாரே, அந்த மூன்று நிமிடத்துக்குப் பின்னே இத்தனை பேர் நிற்கின்றனர்.

அன்பர்களே, விடுமுறைக்கும் இந்தக் கல்விக்கும் இடையே தீராத ஒரு பூசல் உண்டு. விடுமுறைக்கு முடிவு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது; பயணச்சீட்டு கையில் இருக்கிறது; பணம் கட்டியாயிற்று. உடல் இவற்றை அறியாது. பயிற்சிக்கு முன் தரப்படும் உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா உண்டா, இதயநோய் உண்டா, காதில் அறுவை நடந்ததா என்று கேட்கப்படுகிறது. 'ஆம்' என்றால் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும், ஒருநாள் வீணாகும். அதற்கு அஞ்சி 'இல்லை' என்று எழுதுவோர் உண்டு. சளி பிடித்திருந்தும் மறைப்போர் உண்டு. மூக்கடைத்தவருக்குச் செவியின் அழுத்தம் சமன்படாது, செவிப்பறை கிழியலாம். பலமுறை மூழ்கியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான நெறி. கடைசி நாள் காலையில் இன்னொரு முறை இறங்கிவிட்டு மாலை விமானத்தைப் பிடிக்க விழைவோர் அந்நெறியைத் தம் வசதிக்கேற்ப வளைக்கப் பார்க்கின்றனர். இதுவும் ஒருவகையில் மூச்சை அடக்குவதே. கிடைத்ததை விடமாட்டேன் என்று இறுகப் பற்றிக்கொள்ளும் கை, கடலுக்குள் தன்னையே நெரிக்கிறது.

நீருக்கடியில் பேச்சு இல்லை, கைச்சைகையே மொழி. அங்கே கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்று பொருளாகாது. 'மேலே போவோம்' என்று பொருள். வண்ண மீன்களைக் கண்டு மகிழ்ந்த புதியவர் கட்டைவிரலை உயர்த்த, துணைவர் உடனே மேலே அழைத்துச் செல்வது அடிக்கடி நிகழும் வேடிக்கை. ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஓர் உயர்ந்த அறம் இருக்கிறது. யார் அச்சைகையைக் காட்டினாலும் காரணம் கேட்கக் கூடாது. கேலி செய்யக் கூடாது. உடன் எழ வேண்டும். அச்சம் என்பதே போதிய காரணம். 'வேண்டாம், திரும்பிவிடுவோம்' என்று சொல்பவரைக் கோழை என்னாத அவை உலகில் மிகச் சிலவே. அவற்றுள் கடலடியும் ஒன்று.

அன்று கயிற்றைப் பிடித்த மைத்துனன் செய்ததை இன்று அருகில் நீந்தும் துணைவர் செய்கிறார். முத்துக்குளித்தவர் முத்தோடு மீண்டார். இந்த விடுமுறையாளர் வெறுங்கையோடு மீள்கிறார். பவளப் பாறையைத் தொடக் கூடாது, சிப்பியை எடுக்கக் கூடாது என்பதும் அவருக்குக் கற்பிக்கப்பட்டதே. வாங்கிய மூச்சைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தவர் அவர். கரையேறி அமர்ந்து, அச்சமின்றி அடுத்த மூச்சை இழுக்கும்போது, தாம் கற்றது இன்னதென்று அவருக்கே விளங்கும்.