பத்து லட்சம் கிலோ பாரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



'நான் கண்ட டில்லி' என்று பேசச் சொன்னார்கள். டில்லியில் பார்க்க நூறு இடம் இருக்கிறது. நான் ஒரே ஓர் இடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்: ஹுமாயூன் கல்லறை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

அலுவலக வேலை முடிந்துவிட்டது, மறுநாள்தான் ரயில். நம் திருக்குறள் எக்ஸ்பிரஸ் போய் நிற்கிறதே நிஜாமுதீன் ஸ்டேஷன், அதன் பக்கம்தான் கல்லறை. காலையிலேயே போய்விட்டேன்.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹுமாயூன் 1556இல் தம் நூலக மாடிப்படியில் தவறி விழுந்து இறந்தார். கல்லறை கட்டியவர் அவர் மனைவி பேகா பேகம். தாஜ்மகாலுக்குக் கடைக்கால் போடுவதற்கு 60 வருஷம் முன்பே இது எழும்பி நின்றது. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் 1857இல் பிடிபட்டதும் இங்கேதான். 1947 பிரிவினையின்போது அகதிகள் கூடாரம் போட்டதும் இந்தத் தோட்டத்தில்தான்.

மேற்கு வாசலில் நுழைந்தால் எல்லோரும் நிமிர்ந்து குவிமாடத்தைப் பார்ப்பார்கள். நான் குனிந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோட்டத்தை நான்காகப் பகுத்து, அதற்குள் மேலும் கட்டம் கட்டமாகப் பிரித்து, நடுவே கையகல வாய்க்கால்கள். மொத்தம் சுமார் 3 கிலோமீட்டர். வறண்டு கிடந்த இவற்றை 2003இல் முடிந்த சீரமைப்பில் திரும்பவும் ஓட வைத்தார்கள். வாட்டம் எவ்வளவு தெரியுமா? 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர். நாம் குளியலறையில் ஒரு மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்தும் தண்ணீர் மூலையில் தேங்குகிறது! கொத்தனாரைத் திட்டுகிறோம்.

ஆனால் என்னை உலுக்கியது வாய்க்கால் அல்ல, கூரை. மேலே ஏற விடமாட்டார்கள், அதன் கதையைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். 1920களில் கூரை ஒழுகியது என்று சிமென்ட் கான்கிரீட் போட்டார்கள். பிறகு ஒழுகும்போதெல்லாம் மேலே இன்னொரு தளம். ஆக, சேர்ந்தது 40 சென்டிமீட்டர் கனம். தண்ணீர் வெளியேறப் பழைய கொத்தர்கள் வைத்த வழிகளும் அடைபட்டுப் போயின. 2009 வாக்கில் தொல்லியல் துறையும் ஆகா கான் அறக்கட்டளையும் சேர்ந்து அதைப் பெயர்த்தெடுத்தார்கள். இயந்திரம் வைத்தால் கட்டடம் அதிரும் அல்லவா? மாதக்கணக்கில் கையாலேயே செதுக்கி எடுத்தார்கள். இறக்கிய எடை 10 லட்சம் கிலோவுக்கு மேல்! அந்த இடத்தில் பழையபடி சுண்ணாம்புத் தளம் போட்டார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூட்டி வைத்துக்கொள்ளும்.

அங்கே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். என் பெரியப்பா நினைவு.

படித்து முடித்த புதிது. பெரியப்பாவின் வீடு பழைய மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டையின் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கி, மேலே சுண்ணாம்புத் தளம். மழையில் ஒழுகியது. "நம்ம பையன் இன்ஜினியர்" என்று ஊரெல்லாம் சொல்லி, என்னிடம் விட்டார். நான் மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு கட்டையெல்லாம் ஊறி, உளுத்து, ஒரு ராத்திரி கூடத்து விட்டம் இறங்கிவிட்டது. நல்லவேளை, ஆள் யாரும் அடியில் இல்லை. "மரம் பழசு பெரியப்பா" என்றேன். அவரும் நம்பினார். போன வருஷம் காலமாகும் வரை நம்பினார்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். நம் கல்லூரியின் பழைய கட்டடத்து மாடியும் ஒழுகுகிறது, அதுவும் மெட்ராஸ் டெரஸ்தான். அதன் மேல் கான்கிரீட் போட சங்கம் நிதி திரட்டி வருகிறது. பலர் பணமும் கொடுத்துவிட்டீர்கள். அந்த எஸ்டிமேட்டைப் போட்டுக் கொடுத்தவன் நான். இந்த மேடையிலேயே அதைத் திரும்பப் பெறுகிறேன். செயலாளர் கோபிப்பார், அவரிடம் நேற்று ராத்திரிதான் சொன்னேன்.

சுண்ணாம்பு வேலைக்கு நாள் அதிகம், செலவும் கூடும். வரும் ஐப்பசி மழைக்குள் முடியாது. ஒரு பருவம் தார்ப்பாய்தான். புது எஸ்டிமேட் போட எனக்குக் கொத்தனார் வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் சொல்லுங்கள். பந்தியில் கடைசி வரிசையில் இருப்பேன்.