தச்சரின் கருவிப் பெட்டி



நாம் குடியிருக்கும் தோட்டத்து வீடு நிர்வாகத்தினுடையது. வேலை உள்ளவரை இருக்கலாம். வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டபோது, தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு பட்டணத்து ஓரங்களுக்குப் போன குடும்பங்களை நாம் அறிவோம். பால்வெட்டும் கத்திக்கு அங்கே வேலையில்லை. உளிக்கும் ரம்பத்துக்கும் இருந்தது. எனவே தச்சுத்தொழில் கற்ற மகன், “கருவி வாங்க வேண்டும்” என்று கேட்டால், பெற்றோர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமென்பது நமது விருப்பம்.

எதை முதலில் வாங்குவது? கைக்கருவிகளைத்தான். அளவு நாடா, மூலைமட்டம், சுத்தியல், ஒரு நல்ல ரம்பம், மூன்று அளவில் உளி, இழைப்புளி, சாணைக்கல். இவற்றில் சாணைக்கல்லைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். மழுங்கிய உளி மரத்தையும் கெடுக்கும், வழுக்கிக் கையையும் கிழிக்கும். நூறு சாமான்கள் அடங்கிய மலிவுப் பெட்டியைச் சந்தையில் கூவி விற்பார்கள். அதில் பத்துக்குத்தான் வேலை இருக்கும். அந்தப் பத்தும் உறுதியாக இரா.

அடுத்தது மின்கருவி. மின்சாரத்தால் இயங்கும் கை டிரில் 1895ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் செய்யப்பட்டது. கம்பியில்லாமல் பேட்டரியால் இயங்குவது 1961இல் வந்தது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஏற்றது இதுவே. கட்டி முடியாத வீட்டில் மின் இணைப்பு இராது; நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டு ஏணியில் ஏறுவதும் ஆபத்து.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கதவுக்கு மூன்று கீல். கீலுக்கு எட்டுத் திருகாணி. ஆக 24. மெராந்திப் பலகையில் கையால் முடுக்கிவிடலாம். செங்கால், கெம்பாஸ் போன்ற கடினமரத்தில் முதலில் துளையிடாவிட்டால் திருகாணியின் தலையே முறிந்துவிடும். அந்த 24 துளைகளையும் கையால் இட்டுத் திருகி முடிப்பதற்குள் மணிக்கட்டு ஓய்ந்துவிடும். டிரில்லும் இரண்டு பேட்டரியும் சேர்ந்து 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாகும் நேரத்தில் வாரத்துக்கு ஒரு கதவு கூடுதலாக மாட்டி, அதற்குக் கூலி 80 வெள்ளி கிடைத்தால் பத்து வாரத்தில் முதல் திரும்பிவிடும். ஆனால் மாதத்துக்கு ஒரு கதவுதான் கிடைக்கும் என்றால் அந்தக் கருவி பெட்டியில் தூங்கும். வேலை வரும் வழியை முதலில் பார்த்துவிட்டே கடைக்குப் போக வேண்டும்.

கடையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே முதலில் டிரில் வாங்கும்போதே, வட்டவாளும் மற்றவையும் அதே பேட்டரியில் ஓடுமா என்று கேட்க வேண்டும். ஓடுமானால் பிறகு வெறும் கருவியை மட்டும் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஒரு பெட்டியில் 18 வோல்ட் என்றும் மற்றொன்றில் 20 வோல்ட் என்றும் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றே. முழுதும் மின்னேற்றியவுடன் உள்ள அளவைச் சொல்வது 20. அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். பேட்டரியை வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்டுவிட்டால், சூட்டில் அதன் ஆயுள் குறையும். மழுங்கிய வாளும் பேட்டரியைச் சீக்கிரம் காலி செய்யும்.

பழைய ஆசாரிகள் சிலர், “கையால் செய்வதே வேலை” என்பார்கள். பொருத்து இணைக்கும் வேலையில் அவர்கள் சொல்வது சரி. அங்கே உளிதான் பேசும். திருகாணி முடுக்குவதில் கைத்திறன் என்ன இருக்கிறது?

பணத்துக்கு அம்மாவின் நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோகுமுன், இந்தியச் சிறுதொழில் செய்வோருக்காக டெக்குன் நேஷனல் நடத்தும் ஸ்பூமி கடன் திட்டத்தை விசாரித்துப் பாருங்கள். முதல் கருவி தன் விலையைச் சம்பாதிக்கும்வரை இரண்டாவதற்குக் கடன் வாங்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தமாகத் தொழில் செய்யும் தச்சரும் சொக்சோவில் பதிந்துகொள்ளலாம். வட்டவாள் பிடிக்கும் கைக்கு அது அவசியம். கண்ணாடி அணியாமல் அந்த வாளைத் தொடவும் கூடாது.

வாங்கிய பற்றுச்சீட்டையும், கருவியில் பொறித்துள்ள எண்ணையும் வீட்டுப் பெண்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். உத்தரவாத காலத்துக்குள் பழுதானால் கடைக்காரர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.