வெல்டர் கையில் வெளியுறவு



நெய்வேலி அனல்மின் நிலையத்தில் ஓவர்ஹால் வேலை நடக்கும் நாட்களில் மந்தாரக்குப்பம் டீக்கடைப் பெஞ்சுகளில் விடியற்காலையிலேயே இடம் கிடைக்காது. வெல்டர், ஃபிட்டர், ரிக்கர் எல்லாரும் அங்கேதான். "6ஜி வெல்டிங் டெஸ்ட் பாஸாயிட்டேன் மாமா, ஷட்டவுன் வேலைக்கு அபுதாபி போறேன்" என்று யாராவது சொல்வது காதில் விழும். பாய்லர் குழாயைப் பற்றவைத்துப் பழகிய கைக்கு வளைகுடா எண்ணெய் ஆலைகளில் நல்ல கிராக்கி.

வெளியுறவு என்றால் டெல்லி சமாசாரம் என்று இவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாட்டிக்கொண்டார்கள். உலக நாடுகள் பல இராக் அதிபர் சதாம் உசேனை உடனே கண்டித்தன; இந்தியாவோ வார்த்தையை அளந்து பேசியது. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத்துக்கே போனார். சதாம் அவரைக் கட்டித் தழுவிய படம் வெளியாகி, ஏச்சும் பேச்சும் கிளம்பின. குஜ்ரால் செய்தது சரி என்றே நான் சொல்வேன். நம் ஆட்கள் இராக்கைக் கடந்துதான் ஜோர்டானின் அம்மான் நகரம் வந்து சேர வேண்டும். அதற்கு பாக்தாத்தின் தயவு வேண்டியிருந்தது. அம்மானிலிருந்து ஏர் இந்தியா சுமார் 2 மாதங்களில் 488 முறை பறந்து, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரை ஊர் சேர்த்தது. ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையையே வளைக்கும் கனம் அந்தத் தொழிலாளர்களுக்கு இருந்தது.

அந்தக் கனம் பணத்திலும் தெரிகிறது. 2023-24-இல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் அனுப்பிய பணம் 11,800 கோடி டாலருக்கும் மேல். அதில் பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வந்தது.

இத்தனை கனம் கூட்டத்துக்குத்தான். தனி ஆளுக்கு இல்லை. 2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழர்கள்.

தனி ஆளுக்குத் துணை விதிகள்தான். பத்தாவது முடிக்காதவர் வளைகுடா வேலைக்குப் போக, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அனுமதி பெற்றாக வேண்டும். அப்போதுதான் 10 லட்சம் ரூபாய் காப்பீடும் கிடைக்கும். ஏஜென்டு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர ஒரு பைசா கூடுதலாகக் கேட்கக்கூடாது, இது சட்டம். விசிட் விசாவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் தம்பிகளே. ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அதே தளத்தில் சரிபாருங்கள். வேலை ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.